மூச்சு விடாமல் சொல்லக் கூடாத பெயர்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவர் வாயைத் திறப்பதே கிடையாது. திறந்தால் மாவு உள்ளே போகும். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் ஈறு அச்சில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். அது கல்லானதும் மேலே மெழுகு பூசி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். பிறகு தேய்ப்பு, மெருகு. பகல் முழுக்க ஊராரின் சிரிப்பை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, தான் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருப்பார். பக்கத்து மேஜைக்காரர் ஏதாவது கேட்டால் புருவத்தால் பதில் வரும். அப்படிப்பட்டவருக்கு ஊர் வைத்த பெயர் தொண்டை.

கால்பந்து மைதானத்துக்குப் போகிறவர்களுக்குக் காரணம் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தின் நடுவே ஒலிபெருக்கி செத்துப்போனது. ஆள் மாற்ற வேண்டும். எதிர்க்கோடியில் நின்ற ஆட்டக்காரருக்குச் சேதி எட்டவில்லை. பயிற்சியாளர் கையை ஆட்டி ஆட்டிச் சலித்துப்போனார். கிழக்கு ஸ்டாண்டின் அடிமூலையில் நின்ற ஓர் ஒல்லியான இளைஞர் வாயைக் குவித்து, "ஏழாம் நம்பர், வெளிய வா" என்றார். ஏழாம் நம்பர் வெளியே வந்தார். எதிரணியின் ஏழாம் நம்பரும் வெளியே வந்தார். அன்று முதல் அந்த மூலை அவருடையது, கோஷத்தைத் தொடங்கி வைக்கும் உரிமையும் அவருடையது.

கல்யாணப் பேச்சு வந்தபோது பெண்ணின் தகப்பனார், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், மாப்பிள்ளையை வேலையிடத்தில் போய் நோட்டம் விட்டார். அரைநாள் பார்த்தும் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி ஒரு அடக்கமான பிள்ளை கிடைக்காது என்று வீட்டுக்கு வந்து சொல்லி அன்றே பேசி முடித்துவிட்டார். தாலி ஏறிய பிறகுதான் அவர் முதன்முதலாக மைதானப் பக்கம் போனார். அன்று முதல் இன்று வரை, தன்னை ஏமாற்றிப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர் என்பதே மருமகனைப் பற்றி மாமனாரின் அபிப்பிராயம். மாமியார் போன பிறகு மகள் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். அபிப்பிராயத்தையும் கூடவே கொண்டுவந்தார்.

அணியின் பெயர் ஐஸ் ஆலை. ஐஸ் ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள உதைக்க ஆரம்பித்த பந்து அது. ஆலை எப்போதோ மூடிவிட்டது; பெயர் மட்டும் உருகவில்லை. வாயில் போட்டுக் குதப்புவதற்கென்றே செய்த பெயர். தொண்டை 'ஐ' என்று எடுத்துக்கொடுப்பார், மூலையில் இருப்பவர்கள் 'ஸா' போடுவார்கள், ஸ்டாண்டு முழுவதும் 'லை' என்று எழும்பி, மூச்சு உள்ளவரை இழுக்கும். நடுவே தொண்டையின் மச்சினன், மனைவியின் தம்பி, பெரிய பேண்டு டிரம்மை அடிப்பார். காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி மாடி மாடியாகக் கொண்டுபோய்ப் போடும் வேலை அவருக்கு, கைக்குக் குறைவில்லை. அதனால் அவர் பெயர் சிலிண்டர். எதிரணிக்காரர்கள் இவர்களை ஐஸ் வைக்கிற கூட்டம் என்பார்கள், பின்பாதியில் கோல் வாங்கினால் உருகிட்டாங்கடா என்பார்கள். வாங்கிக்கொள்வதுதான். கேலி செய்யவாவது இடம் கொடுக்கிற பெயர்.

அந்த அணியை ஒரு மெத்தைக் கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு பெயரையும் மாற்றியது.

பக்கத்து மேஜைக்காரர்தான் கைபேசியைப் பார்த்துச் சேதி சொன்னார். உங்க டீமுக்குப் பேர் மாத்திட்டாங்களாமே, டாப்போவாம் என்றார். அந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாகத் தொண்டை வாயைத் திறந்தார்.

"என்ன போ?"

"டாப்போ."

அப்போது அவர் கையில் யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசை இருந்தது. முன்பல் நட வேண்டிய இடத்தில் கோரைப் பல்லை நட்டுவிட்டு, அதைக் கவனிக்காமலே மெருகும் போட்டு அனுப்பிவிட்டார். சில நாட்களில் டாக்டர் கூப்பிட்டார். பெரியவர் சிரித்தால் பேரக்குழந்தைகள் ஓடுகிறார்களாம்.

பெயருக்கான விளக்கத்தைக் கம்பெனியின் ஆள் ஒருவர் வீடியோவில் சொன்னார். கழுத்தில் பளபளக்கும் அட்டை, அட்டையில் இருக்கும் படத்தைவிடப் பளபளக்கும் முகம். பார்த்தவுடன் சிலிண்டர் அவருக்கு லேமினேஷன் என்று பெயர் வைத்துவிட்டார். 'டாப்' என்றால் மேலே, 'போ' என்றால் போ. இரண்டையும் சேர்த்தால் மேலே போ, இதுதான் இனி நம் அணியின் லட்சியம் என்றார் லேமினேஷன். மேலே போன்னா போய்ச் சேருன்னுல்ல அர்த்தம், இவனுங்க மெத்தை விக்கிறாங்களா பாடை விக்கிறாங்களா என்று சிலிண்டர் கேட்டார்.

தொண்டை அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்தார். வீட்டில் அணியைப் பற்றிப் பேசினால் 'அது' என்றார். 'அது இந்த வாரம் எங்க ஆடுது' என்று கேட்டார். மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மற்றவர்கள் செய்யும் தப்புக்குத் தான் பிரேக் போட்டே பழகியவர். ரெண்டு நாள்ல சரியாயிடுவீங்க என்றார். சரியாகவில்லை. லீவு போட்டுவிட்டு, பெயரைத் திருப்பிக் கொடு என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் வாசலில் தன்னந்தனியாக நின்றார். வாசல் காவலாளி பாவப்பட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார். கம்பெனிப் பெண் ஒருத்தி வந்து எல்லோருக்கும் கொடுப்பதுபோல ஒரு சின்னத் தலையணையை நீட்டினாள். முதல் நாள் வாங்க மறுத்தார். மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது. வாங்கி முதுகுக்குக் கொடுத்துக்கொண்டார். தலையணையில் 'டாப்போ' என்று தையல் போட்டிருந்தது. அந்த நிலையில் ஒருவர் அவரைப் படம் பிடித்து, பழைய ரசிகர்களின் மனம் கவர்ந்த டாப்போ என்று இணையத்தில் போட்டுவிட்டார். போராட்டம் அத்துடன் படுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் லேமினேஷனே பல் கூடத்துக்கு வந்தார். சுவரோரம் வரிசையாக வாய் பிளந்து நின்ற மாவு அச்சுகளைப் பார்த்து ஒரு நிமிஷம் மிரண்டு, பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"சார், உங்க மூலை இருக்குல்ல, கிழக்கு ஸ்டாண்டுல. அதைப் படுக்கைப் பகுதியா மாத்தப் போறோம்."

தொண்டையின் புருவம் என்ன என்று கேட்டது.

லேமினேஷன் விவரித்தார். படிக்கட்டு வரிசையை இடித்துவிட்டு, சரிவாக மெத்தைகள் போடுவார்கள். கம்பெனியின் விருந்தினர்கள் படுத்துக்கொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். உலகத்திலேயே இப்படி ஒன்று வேறெங்கும் கிடையாது.

"கோல் விழுந்தா?" என்றார் தொண்டை.

"எழுந்திரிக்கணும்னு அவசியமே இல்ல சார். அதான் ஐடியா."

தொண்டை கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். அந்த மூலையில் இருக்கை கிடையாது. யாரும் உட்கார மாட்டார்கள் என்று தெரிந்து கால்பந்துக் கழகமே பிடுங்கிவிட்டது. தோளோடு தோள் இடிக்க நிற்பார்கள், பின்னால் நிற்பவர் கத்தும்போது தெறிக்கும் எச்சில் முன்னால் இருப்பவரின் பிடரியில் விழும், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. வேலையிடத்தில் மாவு, வீட்டில் மாமனார். உலகத்தில் தொண்டை வாயைத் திறக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். அது போய்விட்டால் அவரும் அந்த அச்சுகளைப் போலத்தான், வாய் இருக்கும், சத்தம் இருக்காது.

லேமினேஷன் ஒரு வழியும் வைத்திருந்தார். புதுப் பெயரில் ஆடும் முதல் ஆட்டத்துக்குக் கம்பெனி முதலாளி வருகிறார். அன்று கிழக்கு ஸ்டாண்டு முழுவதும் புதுப் பெயரைச் சொல்லி முழங்க வேண்டும். விட்டு விட்டு அல்ல, முன்பாதி பூராவும், மூச்சு விடாமல். அதைக் கேட்டு முதலாளி மனம் குளிர்ந்தால் மூலையை விட்டுவிடச் சொல்லி அவரிடம் பேச லேமினேஷன் தயார். ஸ்டாண்டு சும்மா இருந்தாலோ, யாராவது ஒருவர் பழைய பெயரை எடுத்தாலோ, மறுநாளே மெத்தை வந்து இறங்கும். இன்னொன்று, முதலாளிக்கு டிரம் சத்தம் ஆகாது, தூக்கம் விற்கிறவர். அன்றைக்கு டிரம் கூடாது, வாய் மட்டும் போதும்.

"நீங்க சொன்னா மொத்த ஸ்டாண்டும் சொல்லும்னு கேள்விப்பட்டேன். என் வேலையும் இதுலதான் இருக்கு சார். இல்லேன்னா என்னையும் பஞ்சோட வச்சுத் தச்சிடுவாங்க."

தொண்டை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கசக்கவில்லை. மறுபடியும் சொன்னார். ஓடு பதித்த சுவர்களில் மோதி நல்ல எதிரொலி வந்தது. வேகமாகச் சொல்லச் சொல்ல வாயில் அதுவே உருள ஆரம்பித்தது. பெயர் மோசம், ஓட்டம் பரவாயில்லை என்று தோன்றியது. இன்னும் வேகம் கூட்டினார்.

வெளியே மாமனார் தோளில் துண்டுடன் நின்றிருந்தார். வயதானவர், அவசரம். கதவைத் தட்டி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் மாப்பிள்ளை என்று கேட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அது உள்ளே கேட்கவில்லை. உள்ளிருந்து கணீரென்று பதில் வந்தது.

"போடா போடா போடா போடா."

தொண்டை தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மாமனார் வாசற்படியில் பெட்டியுடன் உட்கார்ந்திருந்தார். பயிற்சிக் காரை நிறுத்திவிட்டு வந்த மகளிடம், முப்பது வருஷம் பஸ்ல டிக்கெட் கேட்டிருக்கேன், குடிகாரன்கூட என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல என்றார். மனைவி கணவரைப் பார்த்தார். அவர் ஒன்றும் புரியாமல், டீம் பேரைத்தான் சொல்லிப் பழகினேன் என்றார். எங்க இப்ப சொல்லுங்க என்றார் மனைவி. சொன்னார். நிதானமா இல்ல, உள்ளே சொன்ன மாதிரி. சொன்னார். மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து அவரே நடுவில் நிறுத்திவிட்டார். நிறுத்திய இடம் 'டா'வாக இருந்தது.

"எங்க ஆரம்பிக்கிறீங்கன்றது உங்களுக்குத்தான் தெரியும். நடுவுல வந்து கேக்கறவங்களுக்கு அது போடாதான்" என்றார் மனைவி.

"நான் நடுவுலதான்மா வந்தேன்" என்றார் மாமனார்.

பெட்டி உள்ளே போனது. ஆனால் மாமனார் அன்று முழுக்க, மருமகன் எதிரே வந்தபோதெல்லாம், நான் போயிடட்டுமாப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தொண்டை லேமினேஷனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு. பழைய பெயர் மேல் உள்ள பாசத்தில் இப்படியெல்லாம் தோன்றும் என்றார் லேமினேஷன். ஆயிரக்கணக்கான பேரிடம் இந்தப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டாகிவிட்டது, ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை.

"எத்தனை தடவை சொல்லச் சொன்னீங்க?"

"ஒரு தடவைதான். ஒரு பேரை எதுக்கு சார் ரெண்டு தடவை சொல்லணும்?"

இவர் கால்பந்து பார்த்ததே இல்லை என்று தொண்டைக்குப் புரிந்தது. அணியின் பேருந்து முழுவதும் பெயரை வரைந்தாகிவிட்டது, மெத்தை மெத்தையாகத் தைத்தாகிவிட்டது, ஏற்பாடு ஏற்பாடுதான், மூச்சு விடக் கூடாது என்று சொல்லி லேமினேஷன் வைத்துவிட்டார்.

சிலிண்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அத்தான், அவனே வந்து வாங்கிக் கட்டிக்கிறேன்றான். நம்ம வாய் நிறையக் குடுத்துட்டு வருவோம்" என்றார். தொண்டைக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. கோல் விட்டவனைத் திட்டியதில்லை, பெனால்டியைத் தவற விட்டவனைத் திட்டியதில்லை. சொந்த அணியைப் பார்த்து எப்படிப் போடா என்பது? மனைவியிடம் கேட்டார். அவங்க சொல்லச் சொன்னதை அட்சரம் பிசகாமச் சொல்லிட்டு வாங்க, வண்டி எங்க போய் இடிக்குதுன்னு அப்புறம் பாத்துக்கலாம் என்றார் மனைவி. பயிற்சிக் காரில் அவர் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

ஆட்ட நாளன்று தொண்டை மூலையில் உள்ளவர்களைக் கூட்டி, 'டா'வை இரும்பால் அடித்தது போலச் சொல்லுங்கள், 'போ'வைத் தொட்டும் தொடாமலும் விடுங்கள் என்று பாடம் எடுத்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

முதலாளி வெள்ளை உடுப்பில் மைதானத்தின் நடுவுக்கு வந்தார், ஆட்டக்காரர்களின் கையைக் குலுக்க. தொண்டை கழுத்தை நீவிக்கொண்டு எடுத்துக்கொடுத்தார். முதல் நாலைந்து தடவை அருமையாக இருந்தது. டாப்போ, டாப்போ என்று மூலை அதிர்ந்தது. ஆனால் சத்தம் ஸ்டாண்டின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் 'டா' வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். அது திரும்பி மூலைக்கு வந்தபோது மூலையும் அதிலேயே தொற்றிக்கொண்டது. வடக்கு ஸ்டாண்டு சேர்ந்தது, மேற்கு சேர்ந்தது.

போடா போடா போடா போடா.

முதலாளி கையை உயர்த்தி ஆட்டினார். சத்தம் கூடியது. அவர் கை பாதியில் நின்றது. பின்னால் நின்ற லேமினேஷனிடம் ஏதோ கேட்டார். நம்ம பேரைத்தான் சொல்றாங்க சார் என்று லேமினேஷன் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் முதலாளி முகம் மலர்ந்து மறுபடியும் கையை ஆட்டினார். பிறகு ஒரு கணம் நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நடந்தார். அவர் மைதானத்தை விட்டு வெளியேறும் வரை ஒட்டுமொத்த ஊரும் அவரைப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தது; அவரும் போய்க்கொண்டே இருந்தார்.

எதிரணி ரசிகர்கள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, நீ போடா என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதுவும் இதோடு கலந்து, யார் ஆதரிக்கிறார்கள், யார் திட்டுகிறார்கள் என்று பிரிக்க முடியாமல் போனது. ஆட்டக்காரர்கள் யாருக்கோ வந்த திட்டு என்று நினைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்படியே முன்பாதி முடியும் தறுவாய்க்கு வந்தபோது நடுவர் எதிரணிக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். கிழக்கு ஸ்டாண்டு கோல்கீப்பருக்குத் தைரியம் சொல்ல முழுமூச்சாக இறங்கியது. நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். நேராக ஸ்டாண்டின் முன்னால் வந்து நின்று, தன் நெஞ்சைத் தொட்டு, என்னையா என்று சைகையில் கேட்டார். போடா போடா என்றது ஸ்டாண்டு. அணித் தலைவர் ஓடி வந்து, ஐயா, அது எங்க பேருங்க என்று மன்றாடினார். உங்க பேரைச் சொல்லி என்னை எதுக்குய்யா திட்டுறாங்க என்றார் நடுவர்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "ரசிகர்கள் கவனத்திற்கு. நமது அணியின் பெயரைச் சொல்வதைத் தயவுசெய்து உடனே நிறுத்தவும். மீறி அணியின் பெயரைச் சொன்னால் ஆட்டம் ரத்து செய்யப்படும்."

மைதானம் அடங்கியது. பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்தார்கள். இத்தனை பேர் கூடிய இடத்தில் இப்படி ஓர் அமைதியை யாரும் கண்டதில்லை. எதிரணிக்காரர் உதைத்தார், கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டார். ஊரே வாயைத் திறந்தது, எதைச் சொல்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது. சந்தோஷத்துக்கு ஒரு சொல் இல்லாமல் தவித்த அந்த நொடியில், தொண்டையின் பக்கத்தில் நின்ற சிலிண்டரின் வாய் தன்னால் குவிந்தது. "ஐ" என்று கிளம்பிவிட்டது.

பழைய பெயர் வந்தால் மூலை போச்சு. தொண்டை பாய்ந்து மச்சினனின் வாயை இரண்டு கையாலும் பொத்தினார். ஆயுசு முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பெயர் வாங்கியவர், உள்ளங்கையில் அந்த 'ஐ' முட்டி முட்டி அடங்கும் வரை விடவில்லை. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். மிச்ச ஆட்டம் கைதட்டலிலேயே ஓடி, யாரும் கோல் போடாமல் முடிந்தது.

விசாரணை, லீக் அலுவலகத்தில். தொண்டையையும் கூப்பிட்டிருந்தார்கள். உங்களைத் தூண்டிவிட்டது யார் என்று கேட்டார்கள். அவர் லேமினேஷனைக் கை காட்டினார். கமிட்டியில் மூன்று பேர். முதலாமவர் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்து, இதில் ஒன்றும் குற்றமில்லையே என்றார். இரண்டாமவர், வேகமாகச் சொன்னால்தான் தெரியும் என்று அவர் பக்கம் திரும்பி வேகமாகச் சொன்னார். முதலாமவர் முகம் சிவந்து, கமிட்டியில் தனக்கு இருக்கும் சீனியாரிட்டியை நினைவுபடுத்தினார். சொன்னது பேரைத்தான் என்றார் இவர். பேரைச் சொல்றப்ப எதுக்குய்யா கையை வாசல் பக்கம் நீட்டுன என்றார் அவர். தலைவர் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தும் முயற்சியில் தானும் ஒருமுறை சொல்லிக் காட்டப் போக, மூவரும் தேநீர் இடைவேளை வரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

கடைசியில் தீர்ப்பு வந்தது. பெயர் இருக்கலாம், ஆனால் இரண்டு பெயருக்கு நடுவே தெளிவான இடைவெளி இல்லாமல் ஆட்டம் நடக்கும்போது அதை மைதானத்தில் சொல்லக் கூடாது. இன்னொரு தடவை ஒட்டிக்கொண்டால் அணியை லீகிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

இடைவெளியை எப்படி விடுவது? மூலைக்கு வந்து லேமினேஷன் பரிதாபமாகச் சுற்றிப் பார்த்தார். முகத்தின் பளபளப்பு பாதி போயிருந்தது. நூறு பேர் என்றால் சொல்லிப் பழக்கலாம். ஒரு ஸ்டாண்டுக்கு எப்படி மூச்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என்று புலம்பினார். அப்போது அவர் கண்ணில் சுவரோரம் போர்த்தி வைத்திருந்த டிரம் பட்டது.

"சார், ஒவ்வொரு பேருக்கும் நடுவுல இதை ஒரு அடி அடிச்சா?"

தொண்டையும் சிலிண்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல யோசனைதான் சார் என்றார் தொண்டை.

அங்கேயே அடித்துப் பார்த்தார்கள். டாப்போ, டும். டாப்போ, டும். எங்கிருந்து கேட்டாலும், எந்த நடுவில் வந்து கேட்டாலும், அது டாப்போவாகவே இருந்தது. லேமினேஷன் ஸ்டாண்டின் உச்சி வரை ஏறி ஓடிக் கேட்டுவிட்டு, மூச்சிரைக்க இறங்கி வந்து தொண்டையின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த டிரம் இல்லாமல் கம்பெனியின் பெயரைக் கம்பெனி மைதானத்திலேயே சொல்ல முடியாது. டிரம் நிற்க இடம் வேண்டும். அதைச் சுற்றி நின்று கத்த ஆள் வேண்டும். முதலாளி ஒத்துக்கொண்டார். மெத்தைகள் வேறு மைதானத்துக்குப் போயின. மூலையில் தீயணைப்பான் மாட்டுவது போல ஒரு பலகை மாட்டினார்கள்: 'டிரம் பகுதி. பாதுகாப்புக் காரணங்களுக்காக இவ்விடத்தை மறிக்காதீர்.'

தொண்டை பழைய இடத்திலேயே நிற்கிறார். புதுப் பெயர் மீது அவருக்குப் பாசம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பக்கத்து மேஜைக்காரர் கேட்டால் இன்னும் புருவம்தான். ஆனால் வாரா வாரம் அவர்தான் தொடங்கி வைக்கிறார். ஸ்டாண்டு சொல்கிறது, சிலிண்டர் அடிக்கிறார், ஊர் ஒழுங்காக ஓடுகிறது.

போன வாரம் கம்பெனி ஒரு புது ஏற்பாடு செய்தது. அணிக்கு இனி ஒரு சின்னம் வேண்டுமாம். ஆள் உயரத் தலையணை ஒன்றுக்குள் ஒருவரை இறக்கி, கை கால் வைத்து, ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தைச் சுற்றி வரச் செய்தார்கள். தலையணை கிழக்கு ஸ்டாண்டின் முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து ஆடிக் காட்டியது. விருந்தினர் மேடையில் முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். நடுவர் இன்னும் மைதானத்தில் இறங்கவில்லை. மூலையில் இருந்தவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே தொண்டையைப் பார்த்தார்கள். தொண்டை தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"அத்தான், கை வலிக்குது" என்றார் சிலிண்டர்.

"வலிச்சா கொஞ்சம் ரெஸ்ட் எடு மாப்ளே."

சிலிண்டர் டிரம் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தொண்டை தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்தார், அவசரமே இல்லாமல், பாட்டிலின் அடி தெரியும் வரை. வாயில் தண்ணீர் இருக்கும்போது யாரும் எதுவும் சொல்ல முடியாது. அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதற்கு ஸ்டாண்டே சாட்சி. மற்றதை ஸ்டாண்டு பார்த்துக்கொண்டது. மைதானத்தின் நடுவே தலையணை ஆடுவதை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் வாசல் என்று தேடுவது போல, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.